டெப் என்னுடையது, ஸ்பேஸ் அவளுடையது

என் மகள் நேர்முகப் பரீட்சைக்கு உட்கார்ந்த அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். யாருக்கும் அடிபடவில்லை, எதுவும் உடையவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் ஓட மறுத்தது, அவ்வளவுதான். அது ஏன் மறுத்தது என்பது திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டம்.

நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியை. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். கம்ப்யூட்டரை முதன்முதலாகத் தொட்டபோது எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமும் முடிந்திருந்தது. கண்டியில் நடந்த பயிற்சியில் ஒருவர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொல்லித் தந்தார். பாதியைக் காதால் கேட்டும் மீதியை அவருடைய விரல்களைப் பார்த்தும் படித்தேன். அவருடைய இடது கைச் சின்ன விரல் அடிக்கடி விசைப்பலகையின் ஓரத்துக்கு ஓடி டெப் (Tab) விசையை ஒரு தட்டுத் தட்டும். உடனே வரி கொஞ்சம் உள்ளே நகர்ந்து நிற்கும். மற்றதெல்லாம் மறந்தாலும் அந்தத் தட்டு என் கையில் ஒட்டிக்கொண்டது.

புரோகிராம் எழுதாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ‘மருந்தின் திகதி முடிந்துவிட்டதா என்று பார்’ என்று ஒரு வரி எழுதுகிறோம். ‘முடிந்திருந்தால் தனியாக எடுத்து வை’ என்பது அடுத்த வரி. இரண்டாவது வரி முதலாவதுக்குள் அடங்கியது. அதைக் காட்ட, இரண்டாவதைச் சற்று உள்ளே தள்ளி எழுத வேண்டும். பழைய மொழிகளில் இது பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று செய்வது. இப்போது பிள்ளைகள் படிக்கும் பைதனில் இது சட்டம். தள்ளாவிட்டால் ஓடாது. தள்ளுவதற்கு வழி இரண்டு. டெப் விசையை ஒருமுறை தட்டலாம். இல்லையென்றால், சொற்களுக்கு நடுவே இடம் விடும் ஸ்பேஸ் விசையை நாலு முறை தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கம்ப்யூட்டருக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு. ஒரே பகுதிக்குள் ஒரு வரியை டெப்பிலும் அடுத்த வரியை ஸ்பேஸிலும் எழுதினால் அது வேலை செய்யாமல் நின்றுவிடும்.

எது நல்லது என்று உலகம் முழுக்கச் சண்டையாம். எங்கள் வீட்டு மேசைக்கு வரும்வரை அந்தச் சண்டை எனக்குத் தெரியாது. எனக்கு டெப். என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் டெப். மகளைக் கதிரையில் தலையணை போட்டு உயர்த்தி உட்காரவைத்து, அவளுடைய விரலை நானே பிடித்து அந்த விசையில் வைத்தேன். “ஒரு படி உள்ள போகுது பாரு” என்பேன். அவள் தட்டுவாள், வரி உள்ளே போகும், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரிய வேண்டும், அதுவும் என் வழியாகத் தெரிய வேண்டும் என்று இருந்தேன்.

அவள் பாடசாலைப் படிப்பின் கடைசியான உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்தாள். கொழும்பில் ஒரு கம்பனி, பரீட்சை எழுதிய பிள்ளைகளில் சிலரைப் பயிற்சிக்கு எடுத்து, தங்க இடமும் தந்து, பிறகு வேலையும் தருவதாகக் கேள்விப்பட்டோம். சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி, நேர்முகப் பரீட்சையில் அதை ஓட்டிக் காட்டி விளக்க வேண்டும். அவளுக்கு அந்த இடம் வேண்டும். அவ்வளவு ஆசையோடு அவள் வேறு எதையும் கேட்டதில்லை. என் கணவர் எங்கள் ஊரான வத்தேகமையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறார். திகதி முடியப்போகும் மருந்துகளை முன்கூட்டியே காட்டும் புரோகிராம் ஒன்றை எழுதுவது என்று அவளே முடிவெடுத்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சத் தூரம் போனோம். அதற்கு மேல் எனக்குத் தெரியாத இடம் வந்துவிட்டது. பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“மடவளையில ஒரு மிஸ் நல்லா சொல்லிக் குடுக்கிறாங்களாம்” என்றார் கணவர். “கடைக்கு வர்ற ஆளுங்க சொல்றாங்க.”

யார் என்று கேட்டேன். சொன்னார். என்னிடம் படித்த பெண்.

அவளை எனக்கு நன்றாக நினைவிருந்தது. வகுப்பில் எல்லாரும் எழுதி முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும்போது, இன்னும் ஒரு கேள்வி வைத்திருப்பாள். பிறகு பல்கலைக்கழகம் போனாள், கொழும்பில் வேலை பார்த்தாள், ஊருக்குத் திரும்பி, நானாவின், அதாவது அண்ணனின், துணிக்கடைக்கு மேலே வகுப்பு நடத்துகிறாள். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் அந்தப் பெயரை நானாகச் சொல்லாமல் இருந்தேன்.

முதல் நாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். படியேறும்போதே புதுத் துணி வாசம். மேலே நல்ல கதிரைகள், மெல்லிய மடிக்கணினிகள், சுவரில் மின்விசிறி. எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் பாதி கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூடியிருக்கிறோம். எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

“டீச்சர், வாங்க, இரிங்க” என்று எழுந்து வந்தாள். “நம்மட டீச்சர்ட மகளா? அப்ப எல்லாம் தெரிஞ்சிதானே ஈக்கும். நான் என்னத்த செல்லிக் குடுக்க?”

“கொஞ்சம் பாத்துக்கம்மா” என்றேன்.

“இவங்கதான் எனக்கு முதமுதல்ல கீபோர்ட் காட்டினது” என்று அங்கிருந்த பிள்ளைகளிடம் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நன்றி கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பிறகு எங்கள் வீட்டில் மிஸ் புராணம் தொடங்கியது. மிஸ் பாலும் சீனியும் போடாமல் பிளேன்டீ குடிப்பாவாம். மகளும் சீனியை விட்டாள். நான் அவளுடைய சிறு வயதிலிருந்து சீனியைக் குறைக்கச் சொல்லி வாய் வலித்தவள். மிஸ் தப்பு வந்தால் கோபப்படாமல் “நல்லா வந்திருக்கு தப்பு” என்று சொல்வாவாம். மகள் சோறு குழைந்துபோன நாளில் என்னிடமே அதைச் சொல்லிச் சிரித்தாள். நோன்புப் பெருநாளுக்கு அந்த வீட்டிலிருந்து முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது. மகள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “இது மாதிரி நம்ம வீட்ல வராதும்மா” என்றாள். நான் வட்டிலப்பம் செய்து பார்த்ததே இல்லை. அடுத்த வாரம் செய்தேன். கணவர் மட்டும் சாப்பிட்டார், நல்ல மனிதர்.

ஒரு மாலை மகள் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தபடி சாதாரணமாகச் சொன்னாள்.

“மிஸ் டெப் பாவிக்க வேணாங்கிறாங்க.”

“ஏனாம்?”

“ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் ஒவ்வொரு அகலமா தெரியுமாம். ஸ்பேஸ் எங்க கொண்டுபோனாலும் ஒரே மாதிரி இருக்குமாம்.”

“ஒரு தட்டுல முடியிற வேலைக்கு நாலு தட்டா? அவங்களுக்கு நேரம் கூட.”

“இல்லம்மா. அங்க புரோகிராம் எழுதுற எடிட்டர்ல செட் பண்ணி வச்சிருக்காங்க. டெப்பத் தட்டினாலே நாலு ஸ்பேஸ் விழும்.”

அதுதான் எனக்கு உறைத்தது. தட்டுவது என் விசை, விழுவது அவளுடையது. என் கையைப் பிடித்துப் பழகிய விரல் அங்கே போய்த் தட்டுகிறது, தட்டியது மடவளைக்காரியுடையதாக மாறிவிடுகிறது.

“அப்ப இங்கயும் அப்பிடி மாத்தப் போறியா?”

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“வேணாம்மா. இங்க இப்பிடியே இருக்கட்டும்” என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. அன்று அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய் மோஜு செய்தேன். வேறொரு தாய் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததற்குச் சந்தோஷப்படுவாள். நான் ஒரு விசைக்காகச் சந்தோஷப்பட்டேன்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பழையது. அதிலுள்ள எடிட்டர் தானாக எதையும் செய்யாது. டெப்பைத் தட்டினால் டெப், ஸ்பேஸைத் தட்டினால் ஸ்பேஸ். மகள் புரோகிராமைப் பென்டிரைவில் கொண்டுபோவாள், கொண்டுவருவாள். அவள் குளிக்கப் போகும் நேரத்தில் நான் ஃபைலைத் திறந்து பார்ப்பேன். எதையும் தொடமாட்டேன். வரியின் தொடக்கத்தில் நின்று அம்புக்குறி விசையை அழுத்துவேன். டெப் என்றால் கர்சர் ஒரே தாவலில் எழுத்துக்கு வந்துவிடும். ஸ்பேஸ் என்றால் ஒவ்வோர் அடியாக நடந்து வரும். தாவினால் என்னுடையது, நடந்தால் அவளுடையது. தொடக்கத்தில் பெரும்பாலும் தாவியது. மருந்தின் பெயரை வாங்கும் பகுதி, திகதியைச் சரிபார்க்கும் பகுதி எல்லாம் தாவல். வாரம் போகப் போக நடை கூடியது. ஆனால் ஒவ்வொரு பகுதியும் தனக்குள்ளே ஒரே மாதிரி இருந்ததால், இரண்டும் ஒரே ஃபைலில் சண்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஓடுகிறதே என்று நான் சந்தோஷப்படவில்லை. என் பங்கு எவ்வளவு, அவள் பங்கு எவ்வளவு என்றுதான் பார்த்தேன்.

கணவரிடம் புலம்பினேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“நீ பேசுறது புள்ள வகுப்புக்குப் போறதப் பத்தியா, புருசன் வீட்டுக்குப் போனதப் பத்தியா?”

“உங்களுக்கு எல்லாம் பகிடி.”

“மருந்துக் கடையில ஒருத்தருக்கு ரெண்டு டொக்டர் மருந்து எழுதினா கேள்வி கேப்போம். இங்க யாரு கேக்குறது?”

அவர் சும்மா சொன்னதுதான். எனக்கு அது குத்தியது. மறுநாள் பாடசாலை விட்டதும் மடவளையில் இறங்கினேன். துணி எடுக்க வந்தவள் போலக் கீழே கொஞ்ச நேரம் நின்று, பிறகு படியேறினேன். மகளுக்கு அன்று வகுப்பு இல்லை. மிஸ் தனியாக இருந்தாள்.

“டீச்சர், சும்மா வந்தீங்களா?”

“இந்தப் பக்கம் ஒரு வேல. புள்ள எப்பிடிப் படிக்குது?”

“மாஷா அல்லாஹ், நல்லா வாறா. கேள்வி கேக்குறா, அதுதானே வேணும். உங்கட மகள்தானே.”

அந்தக் கடைசிச் சொல்லை வைத்து என்னால் சண்டை பிடிக்க முடியவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வந்தேன்.

“டெப் கூடாதுன்னு சொன்னீங்களாம்.”

நீ என்று கூப்பிட்டு வந்தவளை நீங்கள் என்றேன். அவளும் அதைக் கவனித்தாள். மேசையில் இருந்த பேனையை எடுத்து ஒழுங்காக வைத்தாள்.

“கூடாதுண்டு செல்லல்ல டீச்சர். கொழும்புல கனபேர் சேர்ந்து எழுதுறது. ஒவ்வொருத்தன் மெசின்ல ஒவ்வொரு மாதிரி தெரிஞ்சா கஷ்டம். அதுக்குத்தான் ஸ்பேஸ்.”

“டெப்புனா ஒரு படிக்கு ஒரு தட்டு. அவங்கவங்க கண்ணுக்கு வேணும்கிற அகலத்துல வச்சுப் பாத்துக்கலாம். கண்ணு தெரியாத மனுசருக்கும் அது லேசு.”

“அதுவும் சரிதான்.”

“அப்ப ஏன் மாத்துறீங்க?”

“நான் மாத்தல்ல டீச்சர்” என்று சிரித்தாள். “எனக்கும் இந்தச் சின்ன விரல் இன்னும் டெப்புக்குத்தான் ஓடுது. நீங்க பழக்கினதுதானே. கொழும்புல முதல் மாசம் அதுக்காகவே ஏச்சுக் கேட்டன். பொறகு எடிட்டர மாத்திக்கிட்டன், விரல மாத்த ஏலல்ல.”

கீழே கடையிலிருந்து டீ வந்தது. சீனி இல்லாத டீ. எனக்குச் சீனி வேண்டும் என்று கேட்கவில்லை. குடித்துவிட்டு இறங்கினேன். அவளுடைய விரலில் நான் இருக்கிறேன் என்று அவள் சொன்னது எனக்குச் சந்தோஷம் தரவேண்டியது. பஸ்ஸில் வரும்போது நான் நினைத்ததோ வேறு. என்னிடம் கற்றதை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே இன்னொன்றையும் கற்றுக்கொண்டாள். அந்த இன்னொன்றுதான் என் பிள்ளைக்கு வேண்டியிருக்கிறது.

நேர்முகப் பரீட்சை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாக நடந்தது. காலை நேரம். அந்தக் காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நான் பாடசாலைக்கு லீவு போட்டிருந்தேன். அறைக்குக் கதவு இல்லை, திரைச்சீலைதான். அதற்கு வெளியே, அடுப்பிருக்கும் குசினிக்கும் அறைக்கும் நடுவில், கையில் ஒரு துணியோடு நின்றேன். ஏதோ துடைக்கிறவள் போல.

பேசியவர்கள் இருவர். ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினார். ஓர் ஆண் யாழ்ப்பாணத்துப் பேச்சில் பேசினார். அவருடைய குரல் மென்மையாக இருந்தது.

“பிள்ளை, பதட்டப்படாதேங்கோ. உங்கட புரோகிராமை ஓட்டிக் காட்டுங்கோ பாப்பம்.”

மகள் ஓட்டினாள். மருந்துகள் வரிசையாக வந்தன. நன்றாக விளக்கினாள். திகதியைச் சரிபார்க்கும் பகுதியைப் பற்றி அவள் சொன்னபோது நான் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அது நானும் அவளும் எழுதியது.

“நல்லம். இப்ப ஒரு சின்ன மாற்றம்” என்றார் அவர். “குளிர்பெட்டியில வைக்கிற மருந்துகளை வேறயாக் காட்டவேணும். இந்த இடத்தில ஒரு வரி சேருங்கோ.”

எந்த இடம் என்று எனக்குத் தெரியும். பட்டியல் போடும் பகுதி. அது நடக்கும் பகுதி, மடவளையில் எழுதியது. மகளுடைய விரல் எங்கள் வீட்டு விசைப்பலகையில் இருந்தது. டெப் தட்டும் சத்தம் கேட்டது. அவள் ஓட்டினாள். ஓடவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் என்ன வந்திருக்கும் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். டெப்பும் ஸ்பேஸும் கலந்துவிட்டன என்று வந்திருக்கும்.

இன்னும் ஒருமுறை ஓட்டினாள். அதுவும் ஓடவில்லை. நான் திரைச்சீலையைக் கையால் ஒதுக்கினேன். கொழும்பு இடம் கைவிட்டுப் போகிறது, எனக்கு ஒரு சொல் போதும், சொல்லிவிடலாம். அவள் திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் காட்டினாள். வராதீங்க என்று அர்த்தம். என் மகள் இதுவரை என்னை அப்படி நிறுத்தியதில்லை.

பிறகு அவள் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய் டெப்பை அழித்தாள். ஸ்பேஸை நாலு முறை தட்டினாள். ஓட்டினாள். ஓடியது.

“கண்டுபிடிச்சிட்டீங்கள்” என்றார் அவர். “ஆனால் ஒண்டு கேக்கவேணும். நீங்கள் முன்னமே அனுப்பின இந்த ஃபைலில பாதி டெப், பாதி ஸ்பேஸ். ரெண்டு பேர் எழுதினதோ?”

“இல்ல சேர், நான்தான்.”

“பிறகேன் இப்பிடி?”

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

“வீட்ல அம்மா டெப்தான் பாவிப்பாங்க சேர். வகுப்புல மிஸ் ஸ்பேஸ். இங்க மாத்தினா அம்மாவுக்கு முகம் வாடிடும். அங்க டெப் போட்டா மிஸ்ஸுக்குப் பிடிக்காது. அதனால வீட்ல எழுதினத வீட்ல மட்டும் தொடுவேன், அங்க எழுதினத அங்க மட்டும் தொடுவேன். இன்னைக்கி அவசரத்துல மாறிப்போச்சு.”

அந்தப் பெண் ஏதோ கேட்க, அவர் ஆங்கிலத்தில் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். கேலியாகச் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அந்தச் சிரிப்பு தாங்கவில்லை.

“சரி பிள்ளை. அம்மாவும் சரி, மிஸ்ஸும் சரி. உங்களுக்கு எது விருப்பம்?”

இந்தக் கேள்விக்கு அவள் உடனே பதில் சொல்லியிருந்தால், எதைச் சொல்லியிருந்தாலும், நான் ஒருவேளை இதை எழுதியிருக்க மாட்டேன். அவள் பேசவில்லை. கம்ப்யூட்டர் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. வெளியே மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான்.

“யோசிச்சுப் பாக்கல சேர்” என்றாள்.

நான் குசினிக்கு வந்து உட்கார்ந்தேன். மாதக்கணக்காக நான் அவளைக் கண்காணித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ என் முகத்தைக் கண்காணித்துக்கொண்டிருந்திருக்கிறாள். காய்ச்சல்காரருக்கு முன்னால் மெதுவாக நடப்பதுபோல எனக்கு முன்னால் நடந்திருக்கிறாள். இன்னும் ஒன்று இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அவ்வளவு கலக்கத்திலும், அவள் ‘அம்மாவுக்கு முகம் வாடிடும்’ என்றதையும் ‘மிஸ்ஸுக்குப் பிடிக்காது’ என்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே எடை. பெற்றவளுக்கும் மிஸ்ஸுக்கும் ஒரே எடை.

மகள் வெளியே வந்தாள்.

“கேட்டுக்கிட்டா இருந்தீங்க?”

“கரண்ட் போயிடுமோன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

“ம்” என்றாள். தொலைபேசியை எடுத்து மருந்துக் கடைக்கு அழைத்து, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கும் இல்லை, மிஸ்ஸுக்கும் இல்லை. அன்று அவர்மீதும் எனக்கு எரிச்சல்.

பதில் வரச் சில நாட்கள் எடுத்தன. அந்த இடம் போய்விட்டது என்றே நான் நினைத்தேன். இந்த டெப்பைப் பிடித்துத் தொங்காமல் விட்டிருந்தால் என்று நினைப்பேன். உடனே, மிஸ் ஸ்பேஸைப் பிடித்துத் தொங்காமல் விட்டிருக்கலாமே என்றும் நினைப்பேன். மகள் அந்த நாட்களில் புரோகிராமை முதலிலிருந்து புதிதாக எழுதினாள். வகுப்புக்கும் போகவில்லை, என்னையும் கூப்பிடவில்லை.

“காட்டேன், பாக்கிறேன்” என்றேன் ஒருநாள்.

“ரெண்டு பேருக்கும் காட்டுறதா இல்லம்மா” என்றாள்.

மிஸ்ஸுக்கும் காட்டமாட்டாள் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலோடு போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அவர்கள் அவளை எடுத்துக்கொண்டார்கள். பிழை வந்தபோது யாரையும் கூப்பிடாமல் தானே கண்டுபிடித்தது பிடித்திருந்ததாக அந்த யாழ்ப்பாணத்துக்காரர் தொலைபேசியில் சொன்னாராம். கணவர் கடையில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். நான் அழுதேன். மகள் என் முதுகைத் தட்டிவிட்டு, பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று கேட்டாள்.

கண்டி ஸ்டேஷனில் காலை ரயில். தங்குமிடத்தில் கையெழுத்துப் போடப் பெற்றோரில் ஒருவர் வர வேண்டும் என்றார்கள். எங்கள் பாடசாலையில் தவணைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, அதனால் கணவர் போனார். மேடையில் மிஸ் நின்றாள். யாரும் சொல்லாமல் எப்படி வந்தாள் என்று நினைத்தேன். மகள்தான் சொல்லியிருப்பாள். கையில் ஒரு பொதி. நானும் பொதி கட்டிக் கொடுத்திருந்தேன். மகள் இரண்டையும் ஒரே பையில் போட்டாள். எது மேலே வந்தது என்று நான் பார்ப்பதற்குள் ஸிப்பை மூடிவிட்டாள். என்னைக் கட்டிப்பிடித்தாள், அவளையும் கட்டிப்பிடித்தாள். ரயில் போனது.

எங்கள் இருவருக்கும் திரும்பும் பஸ் ஒன்றுதான். வத்தேகம பஸ் மடவளை வழியாகத்தான் போகும். ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். பஸ் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டியது.

“டீச்சர், ஒண்டு செல்லவா?” என்றாள் மிஸ். “அந்த ஃபைல்ல உங்கட பகுதியெல்லாம் நான் ஒரு நிமிசத்துல ஸ்பேஸா மாத்தியிருக்கலாம். மாத்தித் தாறன்டு கேட்டன். வேணாம் மிஸ், அது அம்மா இருந்து எழுதினதுண்டு சென்னா. எனக்கு அண்டைக்கி கொஞ்சம் மனசுக்கு ஒரு மாதிரியாப் போச்சு.”

“ஏன்?”

“நான் எவ்வளவு செல்லிக் குடுத்தும் அந்தப் பகுதியத் தொட விடல்லையே.”

சன்னல் பக்கம் பார்த்தேன். முகத்தில் வந்த சிரிப்பை அவள் காணக்கூடாது.

“அங்க கம்பனியில ரெண்டும் இல்லையாம்” என்றாள் பிறகு. “எது தட்டினாலும் மெசின் தானாகவே அவங்கட கணக்குக்கு மாத்திடுமாம்.”

“அப்ப நாம ரெண்டு பேரும் சண்டை பிடிச்சது?”

“நாம எங்க டீச்சர் சண்டை பிடிச்சது? டீ தானே குடிச்சோம்.”

அப்போது இருவருடைய தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. மகள் வட்ஸ்அப்பில் ஒரு குழு திறந்திருந்தாள். அதில் நானும் மிஸ்ஸும் அவளும் மட்டும். ‘எனக்குச் சொல்றத இனிமே ரெண்டு பேரும் இங்கயே சொல்லுங்க. தனித்தனியா வேணாம். நான் நல்லா இருக்கேன்’ என்று எழுதியிருந்தாள். நான் மிஸ்ஸின் திரையை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளுக்கு வேறு ஏதாவது கூடுதலாக வந்திருக்கிறதா என்று. அவள் என்னுடைய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மடவளையில் அவள் இறங்கிப் போனாள். பஸ் நகர்வதற்குள் குழுவில் அவளுடைய பதில் வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமைதோறும் பேச வேண்டும் என்று பத்தி பத்தியாக நீண்டிருந்தது. நடந்துகொண்டே எழுதியிருக்கிறாள். நான் கைப்பையை மடியில் வைத்து, அதைவிட நீளமாக ஒன்று எழுதத் தொடங்கினேன்.